க்யூவின் அடிமுனையில் எத்தனை கிராம்?

ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். ஆடுபவரின் ஒரு கால் எப்போதும் தரையில் இருந்தாக வேண்டும். வெள்ளைப் பந்து நடுமேசையில் போய் நின்றுவிட்டால், க்யூவின் அடியில் எக்ஸ்டென்ஷனைத் திருகி நீளத்தைக் கூட்டுவார்கள். அதற்காக அடிமுனைக்குள் பதிக்கப்படும் மரையுள்ள உலோகத் துண்டுதான் பட் ஜாயின்ட்.

பெரும்பாலும் அது பித்தளை. லேத்தில் கடைய எளிது, மரையும் நீடித்து உழைக்கும். கனம்தான் சிக்கல்.

500 கிராம் க்யூ ஒன்று, அடியிலிருந்து 17 அங்குலத்தில் விரல்மேல் சாயாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடிமுனையில் 30 கிராம் கூடினால், அந்தப் புள்ளி ஏறக்குறைய ஓர் அங்குலம் பின்னே போய்விடும். அதே 30 கிராம் சமநிலைப் புள்ளியிலேயே சேர்ந்திருந்தால் பேலன்ஸ் துளியும் மாறாது. எடை உட்காரும் இடம்தான் கைக்குத் தெரிகிறது: அடிமுனையில் கூடினால், மேசைமேல் ஊன்றிய கையில் க்யூ அழுந்துவது குறைந்து, முன்பகுதி லேசாகிவிடும்.

பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. பித்தளையில் 30 கிராம் வரும் ஜாயின்ட், அதே அளவில் டைட்டானியத்தில் 16 கிராம், அலுமினியத்தில் 10 கிராமுக்குள். எஃகின் அடர்த்தி 8 கிராமை நெருங்குவதால் பெரிய லாபம் இல்லை.

அலுமினியம் மென்மையானது, எக்ஸ்டென்ஷனைக் கோணலாகத் திருகினால் மரை சிதைந்துவிடும். டைட்டானியம் உறுதியானது, ஆனால் விலை அதிகம், கடைவதும் கடினம். பித்தளையிலேயே குட்டையான, சுவர் மெல்லிய ஜாயின்டைக் கேட்பது இன்னொரு வழி.

ஜாயின்டுக்காகத் துளையிடும்போது அடிப்பகுதியின் கருங்காலி மரமும் சில கிராம் வெளியேறும். அதைக் கழித்தே கணக்குப் பார்க்க வேண்டும். பல க்யூக்களின் அடியில் எடைக்காக ஈயம் வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் எடுத்தாலே பித்தளையின் கனத்தைச் சரிக்கட்டிவிடலாம். மரை அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், எக்ஸ்டென்ஷனையும் பட்டறைக்கு எடுத்துப்போவது அவசியம்.

துளையிடும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 10 ரூபாய் நாணயம் ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம். நான்கை அடிமுனையில் டேப்பால் ஒட்டிச் சில நாள் ஆடிப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நான்கும் உறுத்தவில்லை என்றால் பித்தளையே போதும். இரண்டு வரைதான் கை ஏற்கிறது என்றால் டைட்டானியம், ஒன்றுக்குமேல் தாங்கவில்லை என்றால் அலுமினியம்.