சம்மன் வந்துவிட்டதா? பதினான்கு நாட்களை மறவாதீர்!

வணிகம் என்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கும். கொடுக்கல் வாங்கல் இருந்தால் மனத்தாங்கலும் வரும். பேச்சில் அது தீராதபோது, ஒருநாள் நீதிமன்ற முத்திரையுடன் உறை ஒன்று வந்து சேரும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு வைப்பதுதான் ஒரு வணிகர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு.

போக்குவரத்துச் சம்மனுக்குக் கழிவு அறிவிக்கட்டும் என்று காத்திருந்து பழகியவர்கள் நம் நாட்டில் உண்டு. வழக்குச் சம்மன் அப்படிப்பட்டதன்று. இங்கே காத்திருந்தால் தொகை குறையாது, தீர்ப்பே வந்துவிடும்.

ஓர் உணவகத்தை எண்ணிப் பாருங்கள். கோழி விநியோகம் செய்தவர் 40,000 வெள்ளி பாக்கி என்கிறார். உணவக உரிமையாளரோ, பாதிச் சரக்கு கெட்டிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். நியாயம் உரிமையாளர் பக்கமே இருக்கலாம். ஆனால் அவர் வாய் திறக்காவிட்டால் நீதிமன்றத்திற்கு அது எப்படித் தெரியும்?

2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, சம்மன் கிடைத்த 14 நாட்களுக்குள், வழக்கில் முன்னிலையாவதாக அறிவிக்கும் 'மெமோராண்டம் கெஹாடிரான்' பாரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் பொதுவாக இன்னொரு 14 நாட்களுக்குள் எதிர்வாதத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தவறினால், விசாரணையே இல்லாமல் விநியோகிப்பாளர் தீர்ப்பைப் பெற்றுக்கொள்ளலாம். அசல், செலவுத்தொகை, ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி என்று சுமை ஏறும். வங்கிக் கணக்கிலுள்ள பணத்தைப் பிடிக்கவும், கடைச் சாமான்களைக் கைப்பற்றி ஏலம் விடவும் அவர் உத்தரவு கேட்கலாம்.

அப்படிப்பட்ட தீர்ப்பை நீக்கக் கோர முடியும். தீர்ப்பு கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சம்மன் முறைப்படி சேர்க்கப்பட்டிருந்தால், சொல்வதற்குத் தகுந்த எதிர்வாதம் இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். முதலிலேயே பதில் கொடுத்திருந்தால் இந்த அலைச்சலும் செலவும் இல்லை.

கடிதம் எங்கே போகிறது?

செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தில் சம்மனை விட்டுச் சென்றாலோ, பதிவுத் தபாலில் அனுப்பினாலோ போதும். சிறு நிறுவனங்கள் பலவற்றுக்குக் கம்பெனிச் செயலாளரின் அலுவலகமே பதிவு அலுவலகம். செயலாளரின் கட்டணத்தைப் பல மாதம் கட்டாமல் விட்டவருக்கு, அங்கே கடிதம் வந்ததே தெரியாமல் போகலாம். நாட்களோ ஓடிக்கொண்டிருக்கும்.

கடன்காரர் அனுப்பும் சாதாரணக் கோரிக்கைக் கடிதம் வேறு. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 466ஆம் பிரிவின் கீழ் வரும் நோட்டீஸ் வேறு. பின்னது 50,000 வெள்ளிக்கு மேற்பட்ட கடனுக்கு வருவது. 21 நாட்களுக்குள் அதைக் கவனிக்காவிட்டால் நிறுவனத்தையே மூடக் கோரி மனு செய்ய வழி பிறக்கும். எந்தக் கடிதம் வந்தாலும் அதில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டுள்ளது என்று பாருங்கள்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

சம்மன் எந்தத் தேதியில், யார் கையில் கிடைத்தது என்பதைக் குறித்து வையுங்கள். எந்த நீதிமன்றம் என்பதையும் பாருங்கள். பொதுவாக 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அதற்கு மேல் 10 லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றம்.

அடுத்து வழக்கறிஞரைப் பாருங்கள். நிறுவனம் வழக்கறிஞர் மூலமாகவே வழக்காட வேண்டும். 'எண்டர்பிரைஸ்' என்று பதிந்து தனியாளாக வணிகம் செய்பவர் தாமே வழக்காடலாம். ஆனால் அவருக்குக் கடைக் கடனும் சொந்தக் கடனும் ஒன்றுதான். வீடும் சேமிப்பும் ஆபத்தில் இருப்பதை அவர் மறக்கக் கூடாது.

காப்புறுதி இருந்தால் அந்த நிறுவனத்திற்கும் அன்றே தெரிவியுங்கள். தாமதமாகச் சொன்னால் அவர்கள் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

இன்வாய்ஸ், டெலிவரி ஆர்டர், வங்கிக் கணக்கு அறிக்கை, கைத்தொலைபேசிச் செய்திகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். கெட்ட கோழியைத் திருப்பி அனுப்பிய அன்று லோரி ஓட்டுநர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டு, ஆயிரம் வார்த்தைகளை விட நீதிமன்றத்தில் எடுபடும். பழைய தேதியிட்டுப் புதிய சீட்டு தயாரிப்பது மட்டும் வேண்டாம். அது சிறைக்கு வழி காட்டும் குற்றம்.

பேசித் தீர்க்கலாமா?

தாராளமாக! பதில் கொடுப்பது என்பது கடைசி வரை மல்லுக்கு நிற்பது என்று பொருளாகாது. உண்மையிலேயே 20,000 வெள்ளி பாக்கி இருந்தால், அதைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டு மீதியை மறுக்கலாம். மத்தியஸ்தர் முன்னிலையில் பேசவும் வழியுண்டு. 2012ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் பேச்சுகள் பொதுவாக இரகசியமாகக் காக்கப்படும்.

ஆனால் ஒன்று. "நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பதற்காக அந்த 14 நாட்கள் நின்றுவிடுவதில்லை. பாரத்தைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள். முடிவு கண்டதும் எழுத்தில் வாங்குங்கள்.

வழக்கு வருவது வணிகருக்கு அவமானம் அன்று. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கும் வரும். நியாயம் கையில் இருந்தும் அதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டு, பல ஆண்டு உழைப்பை இழப்பதுதான் வேதனை.