மருந்தை வாங்குகிறோமா, பெயரை வாங்குகிறோமா?

மாதம் பிறந்துவிட்டது. உம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, வாப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை. தீர்ந்துபோன அட்டைகளை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறோம். "இதே மாத்திரை ஒரு மாசத்துக்குக் கொடுங்க" என்கிறோம். காய்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நாம், இங்கே மட்டும் எதுவும் கேட்பதில்லை. "உடம்பு விஷயம், இதில் கணக்குப் பார்க்கலாமா?" என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொள்கிறோம்.

ஆனால் கணக்குப் பார்த்தே ஆக வேண்டிய குடும்பங்கள் நம் மஹல்லாவில் பல இருக்கின்றன. மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அறுவை சிகிச்சைக்காக வருவதில்லை. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கே வழியில்லாமல் வருகிறவர்களும் உண்டு. கையில் காசு இல்லாத மாதம் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அப்படி விட்டால் சும்மா இருக்காது. சிறுநீரகம், இதயம், கண், பக்கவாதம் என்று அது கொண்டுபோய் விடும் இடத்தில் செலவு லட்சங்களில் இருக்கும்.

ஆகவே ஒரு கேள்வி. நாம் வழக்கமாகக் கேட்டு வாங்கும் அந்தப் பெயர் கொண்ட மாத்திரைதான் வேண்டுமா? அதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் கிடைக்காதா?

இரண்டு பெயர்கள்

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றொன்று மருந்தின் சொந்தப் பெயர். காய்ச்சலுக்கு நாம் வாங்கும் டோலோ, கால்பால், குரோசின் மூன்றிலும் உள்ள மருந்து பாராசிட்டமால்தான். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் இப்படித்தான் பல கம்பெனிகளால் பல பெயர்களில் விற்கப்படுகின்றன.

கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்கப்படுவதை ஜெனரிக் மருந்து என்கிறோம்.

"அசல்" எது, "நகல்" எது?

"ஜெனரிக் என்றால் நகல் சரக்கு, கம்பெனி மருந்துதான் அசல்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்குதான் தவறு நடக்கிறது.

ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடிக்கும் நிறுவனத்துக்கு 20 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அது முடிந்த பிறகு உரிய அனுமதி பெற்று எந்த நிறுவனமும் அந்த மருந்தைத் தயாரிக்கலாம். மெட்ஃபார்மின் 1957இல் பிரான்சில் சர்க்கரை நோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்த மருந்து. இன்று அது யாருக்கும் சொந்தமில்லை. நம் ஊர்க் கடையில் பிரபலமான பெயருடன் விற்கப்படும் மெட்ஃபார்மின் அட்டையும் அதைக் கண்டுபிடித்தவர்கள் தயாரித்தது அல்ல. அதுவும் ஜெனரிக்தான், ஒரு கம்பெனி தன் பெயரைச் சூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? பெயரை டாக்டர்களிடமும் கடைகளிலும் நிலைநிறுத்த கம்பெனி செலவு செய்கிறது. பிரதிநிதிகளின் சம்பளம், மாதிரி மாத்திரைகள், விளம்பரம் எல்லாம் நம் பில்லில்தான் சேர்கின்றன. பணக்கார நாடான அமெரிக்காவிலேயே மருந்துச் சீட்டுகளில் பத்தில் ஒன்பது ஜெனரிக் மருந்துகளால்தான் நிறைவு செய்யப்படுகின்றன. அவற்றில் பெரும்பங்கு நம் இந்தியாவிலிருந்து போகிறது.

தரம் எப்படி?

இது நியாயமான கேள்வி. தரக்குறைவான மருந்துகள் நம் நாட்டில் பிடிபடுவது உண்மை. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் அந்தப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர்பெற்ற பிராண்டு மருந்துகளும் இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே அதிக விலை தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. குறைந்த விலை மட்டுமே தரக்குறைவுக்கு அடையாளமும் ஆகாது. எங்கே வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

எங்கே வாங்கலாம்?

முதலில் அரசு மருத்துவமனை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் பரிசோதித்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அங்கே மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். நடமாட முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் அவுஷதி கடைகள். 2008இல் தொடங்கிய இந்த மத்திய அரசுத் திட்டத்தில் இன்று நாடு முழுவதும் 15,000க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. பிராண்டு மருந்துகளைவிட 50 முதல் 80 சதவீதம் வரை விலை குறைவு என்று அத்திட்டம் அறிவிக்கிறது. 'ஜன் அவுஷதி சுகம்' என்ற செயலியில் அருகிலுள்ள கடையையும் மருந்தின் விலையையும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு 1,000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள்.

ஒரு வீட்டில் மாதம் 1,500 ரூபாய்க்கு மாத்திரை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது பாதியாகக் குறைந்தால் ஆண்டுக்கு 9,000 ரூபாய் மிச்சம். ஒரு பிள்ளையின் புத்தகம், சீருடைச் செலவுக்கு அது உதவும். அறக்கட்டளையின் பணத்துக்கும் இதே கணக்குத்தான். ஒருவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் தொகையில் இருவருக்கு வாங்கிக் கொடுக்க முடியும்.

எப்படிக் கேட்பது?

கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால், மருந்துக் கடைக்காரர் தானாக வேறொன்றை மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. "டாக்டர், மருந்தின் பெயரையும் எழுதித் தாருங்கள். மக்கள் மருந்தகத்தில் வாங்கிக்கொள்கிறோம்" என்று பணிவாகச் சொன்னால் போதும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஜெனரிக் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நெறிமுறையே 2016இல் திருத்தப்பட்டிருக்கிறது.

வாங்கும்போது மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, காலாவதி தேதி மூன்றையும் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், இஆர் போன்ற எழுத்துகள் இருந்தால் அவையும் ஒன்றாக இருக்க வேண்டும். அவை மெதுவாகக் கரையும் மாத்திரைகள். ஒரே மாத்திரையில் இரண்டு, மூன்று மருந்துகள் சேர்ந்திருந்தால் அத்தனையும் பொருந்த வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சாதாரணக் கடைகளில் விற்கும் சில ஜெனரிக் அட்டைகளில் பிராண்டு மருந்துக்கு நிகரான விலையே அச்சாகியிருக்கும். கடைக்காரருக்கு அது மிகக் குறைந்த விலைக்கு வந்திருக்கும். லாபம் நமக்கு வராது. ஆகவே 'ஜெனரிக்' என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு வாங்காமல் விலையையும் பாருங்கள்.

எதில் அவசரம் கூடாது?

வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்து ஆகியவற்றில் அளவு சற்று மாறினாலும் பாதிப்பு வரலாம். இன்சுலினும் அப்படியே. இவற்றை டாக்டரிடம் கேட்காமல் மாற்றவே கூடாது. மற்ற மருந்துகளை மாற்றினாலும் அடுத்த பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சர்க்கரை அளவும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்பதை அந்தப் பரிசோதனை காட்டிவிடும்.

இந்த மாதம் மாத்திரை வாங்கப் போகும் முன் வீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் எடுத்து, மருந்தின் சொந்தப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அந்தத் தாளும் கூடப் போகட்டும். காசில்லை என்பதற்காக நம் மஹல்லாவில் ஒருவரும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் நிலை வராமல் இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அந்தத் தாளிலிருந்து அது தொடங்கட்டும்.