நஞ்சிலும் பாடபேதம் உண்டு

தேயிலைச் செடியின் மேற்பரப்பு மேசை போலச் சமமாகக் கவ்வாத்து வெட்டப்பெற்றிருக்கும். அதன் அடியில் யாது உறைகின்றது என்பதைக் கொழுந்து பறிக்கும் கை அறியாது. அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் படங்கு கட்டி, கூடை சுமந்து, நிரையில் நிற்கும் பெண்களிடம் தொழிலின் இடர் யாது என்று வினவினால், முதலில் அட்டையையும் குளவியையும் கூறுவர். அடுத்த மூச்சிலே பாம்பைக் கூறுவர். கிளையோடு கிளையாகச் சுருண்டு கிடக்கும் பச்சைக் குழிவிரியன் விரலைத் தீண்டுகின்றது. சருகுக்குள் படுத்திருக்கும், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் பாதத்தைத் தீண்டுகின்றது. இப்பின்னதைச் சிங்கள மக்கள் 'குணகட்டுவா' என்பர்.

பாம்புக்கடி நமது நாட்டில் அருகிய நிகழ்ச்சியன்று. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாகச் சென்று நடத்தப்பெற்று, 2016 இல் வெளியிடப்பெற்ற ஆய்வொன்றின் கணிப்புப்படி, ஓராண்டுக்குள் பாம்புக்கடிக்கு ஆளானோர் ஏறத்தாழ 80,500 பேர். அவர்களுள் நஞ்சு உடலில் ஏறியோர் ஏறத்தாழ 30,500 பேர். உயிரிழந்தோர் 464 பேர். இவர்களுட் பெரும்பாலார் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்கள் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இந்நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. 1890 களில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் அல்பெர்ட் கல்மெத் கண்ட வழி இன்றும் பெரும்பாலும் மாறாது வழங்கி வருகின்றது. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுவர். குதிரையின் உடல் அதனை எதிர்க்கும் பொருட்டுப் 'பிறபொருளெதிரி' என்னும் புரதங்களை ஆக்கும். அக்குருதியினின்று அவற்றைப் பிரித்தெடுத்து மனிதருக்கு ஏற்றுவர். இலங்கை மருத்துவமனைகளில் வழங்கும் மருந்து இந்தியாவிலிருந்து வருவிக்கப்படுகின்றது. அதற்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவோருள் முதன்மையானது, சென்னைக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில் 1978 இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே அம்மருந்து உரியது.

இம்மருந்து எண்ணிறந்த உயிர்களைக் காத்துள்ளது. எனினும் அதிற் குறைகளும் உள. குதிரைக் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளுட் சிறு பகுதியே நஞ்சை நாடுவன. எஞ்சியவை நோயாளிக்கு வேண்டாத சுமை. அந்நியப் புரதமாதலின் உடல் அதனையே பகையாகக் கருதிக் கிளர்ந்தெழுவதும் உண்டு. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் தலைமையில் நமது நாட்டில் நடைபெற்று 2011 இல் வெளியான ஆய்வில், இம்மருந்து ஏற்றப்பெற்ற 1,007 பேருள் 752 பேருக்கு ஒவ்வாமை தோன்றிற்று. நான்கு பேருள் மூவர்! மற்றொரு குறை மலைநாட்டாருக்கு நெருக்கமானது. நாம் மேலே கூறிய குழிவிரியன்கள் அந்த நால்வர் பட்டியலில் இல்லை. ஆதலின் அவற்றின் கடிக்கு அம்மருந்து பயன்படுவதில்லை.

அப்படியாயின், ஆயிரம் பிறபொருளெதிரிகளை ஒருங்கே ஏற்றாமல், நஞ்சை மட்டும் தேடிப் பற்றும் ஒன்றைப் பொறுக்கியெடுத்தல் இயலாதா? இயலும். ஆனால் அதற்கு முன் நஞ்சு என்பது யாது என்பதை எழுத்தெழுத்தாக வாசித்தல் வேண்டும்.

நஞ்சு ஒரு தனிப் பொருளன்று. பல புரதங்களின் கலவை. புரதமோ அமினோ அமிலம் என்னும் மணிகள் கோத்த மாலை. மணிகளின் வகை இருபது. அவை கோக்கப்பெற்ற ஒழுங்கே புரதத்தின் குணத்தை வகுக்கின்றது. அவ்வொழுங்கை முழுமையாக வாசிக்க இயலும் என்பதை முதன்முதல் நிறுவியவர் ஆங்கில அறிஞர் பிரெடெரிக் சாங்கர். இன்சுலினின் 51 மணிகளையும் 1955 அளவில் அவர் வாசித்து முடித்தார். 1958 இல் நோபல் பரிசு பெற்றார். இம்மாலைகளைக் கோப்பதற்கான கட்டளை, கலத்தினுள் பரம்பரையலகுகளில் எழுதப்பெற்றுள்ளது. இன்று பரம்பரையலகை வாசிப்பது எளிதாகி விட்டது. அதை வாசித்தால் புரதத்தின் ஒழுங்கு தானே விளங்கும்.

2020 ஆம் ஆண்டு சனவரியில், பெங்களூரில் உள்ள சைஜீனோம் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சோமசேகர் சேஷகிரி முதலியோர், பிற நாட்டு அறிஞர்களுடன் கூடி, நமது நாகபாம்பின் பரம்பரையலகுத் தொகுதியை வாசித்து வெளியிட்டனர். புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் 23,248 அதிற் காணப்பெற்றன. அவற்றுள் நஞ்சுக்கு உரியவை 139. அந்த 139 இலும் நச்சுப்பையிற் சிறப்பாகத் தொழிற்படுபவை 19 மட்டுமே. நாகத்தை வெல்ல விரும்புவோர் எவற்றை இலக்காகக் கொள்ள வேண்டும் என்பதற்கு அந்தப் பத்தொன்பதும் ஒரு பெயர்ப்பட்டியல் ஆயின. குதிரையின் குருதியை நம்பி இருளில் அம்பு எய்த காலம் போய், இலக்கைக் கண்டு எய்யும் காலம் தோன்றிற்று.

ஆயினும் ஒரு சங்கடம். பாம்புக்குப் பாம்பு நஞ்சு வேறுபடும்; ஒரே இனத்திலும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து செய்து முடியுமா? இங்கேதான் தமிழ் மாணவருக்கு நன்கு பழகிய ஒரு முறை துணை செய்கின்றது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பழந்தமிழ் நூல்களை எவ்வாறு பதிப்பித்தார்? ஒரே நூலின் பல ஏட்டுச்சுவடிகளைத் திரட்டினார். வரிக்கு வரி ஒப்பு நோக்கினார். எழுதுவோர் பிழையாலும் செல்லரித்ததாலும் பாடபேதங்கள் மலிந்த இடங்கள் உண்டு. எல்லா ஏடும் ஒருங்கே ஒத்த இடங்களும் உண்டு. விஞ்ஞானிகளும் பல பாம்புகளின் நஞ்சுப் புரதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவ்வாறே ஒப்பு நோக்குகின்றனர். ஏட்டிலே மாறாத வரி எழுதினோர் கவனத்தாற் பிழைத்தது. நஞ்சிலே மாறாத பகுதி பிழைத்ததற்குக் காரணம் வேறு: அப்பகுதி மாறினால் நஞ்சு நஞ்சாக இராது, இரை தப்பும், பாம்பு பட்டினி கிடக்கும். ஆகவே மாறாத இடமே நஞ்சின் உயிர்நிலை. மருந்து தாக்க வேண்டிய இடமும் அதுவே.

நாகமும் கட்டுவிரியனும் அடங்கிய குடும்பத்தின் நஞ்சுகளில் 'மூவிரல் நச்சுப் புரதம்' என்று ஒன்று உண்டு. சங்கிலி மூன்று விரல் நீட்டினாற்போல மடிந்திருத்தலின் அப்பெயர். 1963 இல் தைவான் அறிஞர் சாங், லீ இருவரும் அந்நாட்டுக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து பிரித்த புரதம் இவ்வகையைச் சார்ந்தது. அதிலுள்ள அமினோ அமிலங்கள் 74. நரம்பின் கட்டளையைத் தசை ஏற்கும் இடத்தில் 'வாங்கி' என்னும் ஒரு புரதம் உண்டு. மூவிரற் புரதம் அதில் விரலை நுழைத்து அடைத்துக்கொள்ளும். கட்டளை தசைக்கு எட்டாது, இமை தொய்யும், நா குழறும், ஈற்றில் மூச்சு நிற்கும்.

2024 பெப்ரவரியில், அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்து யோசப் ஜார்டீன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக் கார்த்திக் சுனகர், இங்கிலாந்தின் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் ஆகியோர் கூடி ஓர் ஆய்வை வெளியிட்டனர். பல பாம்புகளின் மூவிரற் புரதங்களை அவர்கள் ஒப்பு நோக்கினர். அவற்றுள் 16 வகைகளை ஆய்வுகூடத்திலேயே ஆக்கினர். பின்னர், செயற்கையாக அமைத்த ஏறத்தாழ ஐயாயிரங் கோடி மனிதப் பிறபொருளெதிரிகளின் களஞ்சியத்தைக் கட்டுவிரியன் புரதமொன்றின்முன் நிறுத்தினர். ஒட்டியவை ஏறத்தாழ 3,800. அவற்றை வேறு நான்கு புரதங்களோடு பொருத்திப் பார்த்தபோது எஞ்சியவை 30. அந்த முப்பதிலும் தலைசிறந்து நின்றதற்கு '95மாட்5' என்று பெயரிட்டனர். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழும் வெவ்வேறு பாம்புகளின் கொல்லும் நஞ்சிலிருந்து அது எலிகளைக் காத்தது.

அது எவ்வாறு இத்தனை நஞ்சுகளையும் ஒருங்கே பற்றுகின்றது? அதன் அமைப்பை நுணுகி நோக்கியபோது விடை கிடைத்தது. நமது தசையிலுள்ள வாங்கி நஞ்சை எவ்விதம் பற்றுமோ அவ்விதமே இப்பிறபொருளெதிரியும் பற்றுகின்றது. கதவைத் தேடி வந்த கள்வன், கதவு போன்ற ஒரு பொறியிற் கையை விட்டு அகப்பட்டுக்கொண்டான் என்க. எல்லா ஏடும் ஒத்த அந்த வரியே அவனது கையாதலால், அதனை மாற்றிக்கொண்டு அவன் தப்ப இயலாது.

இதனாற் பாம்புக்கடியின் கதை முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. எலியைக் காத்தது மனிதனைக் காக்குமா என்பது இனிக் காண வேண்டியது. மேலும், இது நஞ்சின் ஒரு கூற்றையே அடக்கும். நாகத்தின் நஞ்சில் தசையை அழுகச் செய்யும் வேறு புரதங்களும் உள. அவற்றை 95மாட்5 தீண்டாது. விரியன்களின் நஞ்சோ குருதி உறையும் முறைமையைக் குலைப்பது. மூவிரற் புரதத்தை நம்பி நிற்பதன்று. ஆதலின் பல பிறபொருளெதிரிகளைச் சேர்த்த கலவையே முடிவான மருந்தாதல் கூடும். நஞ்சுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு நொதியத்தை இலக்காகக் கொண்டு, 'வரெஸ்பிளாடிப்' என்னும் மருந்தை மனிதரிடத்தும் சோதித்துள்ளனர். வேறு நோய்களுக்கென ஆக்கப்பெற்ற இம்மருந்தை வாய்வழி உட்கொள்ளலாம். மருத்துவமனை தொலைவாயுள்ள இடங்களில், அவ்வாறு விழுங்கத்தக்க ஒரு மாத்திரை எத்தகைய பேறு என்பதை மலைத்தோட்டத்தில் வாழ்வோருக்கு விளக்கத் தேவையில்லை.

நமது குழிவிரியனின் நிலை யாது? இவ்வளைமூக்கு இனத்தில் மூன்று வகைகள் உள. அவற்றுள் இரண்டு இலங்கைக்கே உரியவை; அவ்விரண்டில் ஒன்று நமது மத்திய மலைகளில் வாழ்வது. இதன் கடியாற் பலருக்கு வீக்கமும் நோவும் மட்டுமே உண்டாகும், சிலருக்கோ குருதி உறையாமற் போவதும் சிறுநீரகம் பழுதாவதும் உண்டு, இறப்பும் நேர்ந்துள்ளது. பேராதனைப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், கொஸ்தாரிக்கா நாட்டின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்துடன் கூடி, இலங்கைப் பாம்புகளின் நஞ்சையே கொண்டு ஒரு மருந்தை ஆக்க முயன்றனர். குழிவிரியனின் நஞ்சும் அதிற் சேர்க்கப்பெற்றது. அது பழைய குதிரை வழியே எனினும், நமது பாம்பை நாமே கருத்திற் கொண்ட நன்முயற்சி. வேறு நாட்டாருக்கு இச்சிறு பாம்பு ஒரு பொருட்டன்று. நமது மலையின் நஞ்சை நாம் வாசியாவிடின், பிறர் வந்து வாசித்துத் தருவர் என்று காத்திருத்தல் பேதைமை.

புதிய மருந்து வரும்வரை பழைய விவேகம் வேண்டும். கடியுண்டவரை அச்சம் தணித்து அசையாது இருத்துக. வளையல், மோதிரம் முதலியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுக. கடிவாயைக் கீறுதல், வாய் வைத்து உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியவை தீமையே தரும். பாம்பைத் துரத்திச் சென்று மற்றொருவரும் கடியுண்ண வேண்டா. தொலைவில் நின்று கைத்தொலைபேசியிற் படமெடுத்தல் இயலுமாயின், அது மருத்துவருக்கு உதவும். காலந் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதலே தலையாய சிகிச்சை.

உயிரியல் பயிலும் மலைநாட்டு மாணவருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று. பரம்பரையலகுகளின் ஒழுங்குகளும் புரதங்களின் ஒழுங்குகளும் உலகப் பொதுக் களஞ்சியங்களில் யாவரும் காணத் திறந்து கிடக்கின்றன. அவற்றை ஒப்பு நோக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு கணினியும் பொறுமையும் போதும். கொழுந்துக் கூடை சுமந்த ஒரு தாயின் பிள்ளை, அத்தாயின் விரலைத் தீண்டிய பாம்பின் நஞ்சை எழுத்தெழுத்தாக வாசித்து, அதன் மாறாத வரியைக் கண்டு சொல்லும் நாள் வருமாயின், இம்மலைகளில் கல்வி புகுந்ததன் பயன் அதுவே ஆகும்.