கொப்புளம் தேடும் கொழுந்து

பட்டிப்பொல ரயில் நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதற்கு மேல் ரயில் நிலையம் கிடையாது. அந்த உயரத்து மூட்டமும் தூறலும் பயணிக்கு அழகு. சுற்றுமலைத் தேயிலைக்கோ தொல்லை. இலையில் ஈரம் காயாமல் கிடந்தால் கொப்புள நோய்ப் பூசணத்துக்குக் கொண்டாட்டம். முற்றிய இலையை அது சீண்டாது. கொழுந்தையும் இளந்தண்டையும்தான் பிடிக்கும். கூடைக்குள் போக வேண்டியதை! 1946-ல் இலங்கைக்கு வந்த இந்த நோயைத் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பு மருந்தடித்து அடக்கிவந்தன.

பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி கொப்புளமாய்க் கிடக்க, பக்கத்துச் செடி ஓரளவு தப்பியிருக்கும். தேயிலை தன் மகரந்தத்தால் காய்ப்பது அரிது. எனவே விதையில் முளைத்த ஒவ்வொன்றும் தனிப் பிறவி. தண்டு வெட்டி நட்ட வீ.பி. தேயிலைதான் தாயின் அச்சு.

நோய் 'உண்டு, இல்லை' என்று இரண்டாகப் பிரிவதில்லை. கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறைய என்று படிப்படியாகப் போகும். கொழுந்தின் எடையும் அப்படித்தான்: பல மரபணுக்கள் ஆளுக்குச் சிறிது கைகொடுக்க, மண்ணும் மழையும் உரமும் சேர்ந்து தராசில் காட்டும் எண் அது. இவை அளவுப் பண்புகள்.

எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று தேடத்தான் மரபுக்குறி. தேயிலையின் 15 சோடி நிறமூர்த்தங்களில் சில இடங்களில் ஓரிரு டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும்; ஒரு செடியில் பத்துத் தரம், இன்னொன்றில் பதினான்கு தரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பெற்றோரின் பிள்ளைச் செடிகளை இந்த எண்ணிக்கைப்படி பிரித்து, இரு பக்கத்திலும் நோயின் சராசரியைப் பார்ப்பார்கள். வித்தியாசம் தற்செயலை மிஞ்சினால், அந்தக் குறிக்கு அருகே நோயோடு தொடர்புள்ள மரபணு ஒன்று இருக்கக்கூடும். பெரும்பாலும் குறி வெறும் எல்லைக்கல்தான். கல்லும் காணியும் தலைமுறை மாறும்போது பிரிந்துபோவதும் உண்டு.

கொப்புள நோய் எதிர்ப்பைக் காட்டும் இப்படியொரு குறியை இலங்கை ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். புதிய ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆண்டுக்கணக்காகும் பயிரில் இது சின்ன விஷயமல்ல: மூட்டத்துக்குக் காத்திராமல், நாற்றுமேடைச் செடியின் ஓர் இலையிலேயே சோதிக்கலாம்.

விளைச்சல் அவ்வளவு சுலபத்தில் பிடிபடாது. கென்யாவில் ஒரே குடும்பத்துச் செடிகளை இரண்டு இடங்களில் நட்டு அளந்தவர்கள், 2010-ல் விளைச்சலோடு தொடர்புடைய இருபதுக்கு மேற்பட்ட இடங்களைக் காட்டினார்கள். ஒரே வீ.பி. தண்டைப் பட்டிப்பொல பக்கத்திலும் தாழ்நிலத்து இரத்தினபுரியிலும் நட்டாலும், இரண்டு தராசும் ஒரே எண்ணைக் காட்டப்போவதில்லை.