வியாபாரி கேட்காத கேள்வி

க்ஷயரோகம் கண்டவரை நல்ல காற்றும் பாலும் முட்டையும் பூரண ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்க வைத்தாலொழிய அவர் பிழைப்பது அரிது என்று வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றளவும் சானடோரியம் என்ற பெயரைத் தாங்கி நிற்பது அந்த நம்பிக்கையின் மிச்சந்தான். ஆனால் சுதந்திரம் பெற்ற புதிதில் தேசத்தில் நோயாளிகள் பல லட்சம் பேர் இருக்க, படுக்கைகளோ ஆயிரக்கணக்கிலேயே இருந்தன.

இடம் கிடைக்காதவர் கதி என்ன? இந்தக் கேள்விக்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் குடிசையிலுமாக வைத்து, இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே இரு மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருப்பவர் மருந்தை ஒழுங்காக விழுங்குகிறாரா என்பதை எப்படி அறிவது? முன்னறிவிப்பின்றி வாசலில் போய் நின்று மீதமுள்ள மருந்தை எண்ணினார்கள். சிறுநீரையும் வாங்கிச் சோதித்தார்கள்.

1959-ல் வெளியான முடிவு வைத்திய உலகைத் திகைக்க வைத்தது. அரைவயிற்றுக் கஞ்சியோடு நெருக்கடியான வீட்டில் கிடந்தவரும், போஷாக்கோடு படுத்திருந்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவிவிடவில்லை என்பது, அவர்களையும் ஐந்தாண்டுகள் விடாமல் பரிசோதித்த பிறகு ஊர்ஜிதமாயிற்று.

இத்தகைய ஆராய்ச்சிக்கு எந்த மருந்துக் கம்பெனி முதல் போடும்? ஐசோனியாசிட் 1912-லேயே பிராக் நகரத்தில் தயாரிக்கப்பட்டு, க்ஷயத்தைத் தீர்க்கும் அதன் குணம் 1950-களின் தொடக்கத்தில்தான் தெரியவந்த பொருள். அதற்குத் தனியுரிமை கோர ஒருவருக்கும் வழியில்லை. படுக்கை வேண்டாம், மலிவான பழைய மருந்தே போதும் என்று நிரூபிப்பதால் ஜனங்களுக்கு லாபமேயன்றி வியாபாரிக்கு லாபமில்லை. அதற்காக அவரைக் கடிந்துகொள்வதும் நியாயமன்று. இத்தகைய கேள்வியைக் கேட்க வேண்டியது சர்க்காரே.

ஆங்கிலேயர் இதைத் தம் நாட்டில் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1911-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின்படி, காப்பீடு பெற்ற ஒவ்வொருவர் கணக்கிலும் ஆண்டுக்கு ஒரு பென்னி ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட, அந்தச் சில்லறையைக் கொண்டு 1913-ல் பிறந்த குழுவே, பிற்காலத்தில் சென்னைக்கு வந்துதவிய அந்தக் கவுன்சில்.

நம் தேசமோ, எல்லாத் துறை ஆராய்ச்சிகளுக்குமாகச் சேர்த்தே மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் செலவிடுவதில்லை. வருஷா வருஷம் குறைவதற்கும் கூடுவதற்கும் இடமுள்ள மானியத்தை நம்பி ஐந்தாண்டுப் பரிசோதனையைத் தொடங்க யாருக்குத் துணிவு வரும்? ஆதலால், வைத்திய ஆராய்ச்சிக்கான தொகையைப் பட்ஜெட்டில் உயர்த்துவதோடு நில்லாமல், தொடங்கிய ஆராய்ச்சி முடியும் வரைக்குமான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைக்கவும் சர்க்கார் முன்வர வேண்டும்.