உங்களுக்குத் தெரியுமா? - வாசனையும் லேபிளும்

● சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள். பொருள்களின் பட்டியலில் ‘பர்ஃப்யூம்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் பல பத்து வாசனைப் பொருள்கள் இருக்கலாம், நூற்றைத் தாண்டவும் கூடும். கலவை தொழில் ரகசியம் என்பதால் உள்ளே இருப்பதைச் சொல்லும் கட்டாயம் நெடுங்காலம் இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம்தான் 2003இல் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்றது. 2005 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது.

● எவ்வளவு இருந்தால் பெயர் போட வேண்டும்? தடவி அப்படியே விடும் கிரீம் என்றால் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும். நூறு கிராம் கிரீமில் வெறும் ஒரு மில்லிகிராம்! கழுவிவிடும் சோப்பு, ஷாம்புவுக்கு வரம்பு இதைப்போலப் பத்து மடங்கு. தோலில் தங்கும் நேரம்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

● “பத்து வருஷமா இதே பவுடர்தான் போடறேன், இதனாலயா வரப்போகுது?” என்று கேட்பவர்கள் பலர். வரும். வாசனை மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் உடலின் எதிர்ப்பு சக்தி அவற்றை அந்நியன் என்று அடையாளம் காண்கிறது. அந்த அடையாளம் பதியும் காலத்தில் வெளியே எதுவும் தெரியாது. பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் பதியவும் செய்யும். பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது. களிம்பு அரிப்பைத் தணிக்கும், ஒவ்வாமையை நீக்காது. அந்தப் பொருளைத் தொடாமல் இருப்பது ஒன்றே வழி. பெயர் தெரியாத பொருளை எப்படித் தொடாமல் இருப்பது? லேபிளில் பெயர் கேட்பது இதற்காகத்தான்.

● எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்கும் ‘பேட்ச் டெஸ்ட்’ 1895இல் வந்தது. யோசஃப் யாடாஸோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் தொடங்கிவைத்தது. சந்தேகப்படும் பொருளை வாஸலினில் குழைத்து, சிறு கிண்ணங்களில் வைத்து, முதுகில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் நனைக்கக் கூடாது. பிரித்ததும் ஒருமுறை, மூன்றாவது அல்லது நான்காவது நாள் ஒருமுறை பார்ப்பார்கள். சிலருக்கு ஏழாம் நாள்தான் சிவந்து தடிக்கும். அவசரப்பட்டு ஒரே பார்வையில் முடித்துக்கொண்டால் ஒவ்வாமை கண்ணில் படாமலே போய்விடலாம்.

இந்தச் சோதனையில் வாசனைக்கென்று ஒரு கலவையே உண்டு. லவங்கப்பட்டையின் சின்னமால், கிராம்பின் யூஜெனால், ஜெரானியால், ஓக் மரப்பாசிச் சாறு என மொத்தம் எட்டு பொருள்கள் சேர்ந்தது அது. இந்தியத் தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் பரிசோதனைத் தொகுப்பிலும் இந்தக் கலவை இருக்கிறது.

● எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் மணப்பது லிமோனீன். லாவண்டரில் மணப்பது லினலூல். புதிதாக இருக்கும்போது இரண்டுமே பெரிய தொல்லை தருவதில்லை. காற்று பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகு உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் பல ஆண்டு உழைத்து இதை நிறுவினார்கள். சுத்தமான லினலூலை ஒட்டிப் பார்த்தபோது ஏதும் ஆகாத பலருக்கு, காற்றில் பழசான லினலூல் பட்டதும் தோல் சிவந்தது. ஆகவே வாசனை எண்ணெய்க் குப்பியை இறுக மூடி வையுங்கள். பாதி காலியாகிப் பல மாதம் கிடக்கும் குப்பியைத் தோலில் தடவாமல் இருப்பது நல்லது.

● ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியது. ஐரோப்பாவின் அறிவியல் குழு 2012இல், மனிதர்களுக்கு ஒவ்வாமை தருவது உறுதியானவை என 82 வாசனைப் பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றில் 28 இயற்கைச் சாறுகள். அதையொட்டி 2023இல் நீட்டப்பட்ட சட்டப் பட்டியலில் கற்பூரம், சந்தன எண்ணெய், மல்லிகைச் சாறு, ரோஜா, கிராம்பு, எலுமிச்சைப்புல் எல்லாம் இருக்கின்றன. இவை விஷம் என்று பொருளல்ல. பெரும்பாலானோருக்கு எதுவும் ஆகாது. ஆகிறவருக்கு அது பூவிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று தோல் பார்ப்பதில்லை.

● பெயர் போட்டால் போதாது என்று முழுவதுமாக விலக்கப்பட்டவையும் உண்டு. ‘லைரல்’ என்ற செயற்கை மணப்பொருளுக்கும், ஓக் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனாலுக்கும் ஐரோப்பா 2017இல் தடை விதித்தது. 2021 ஆகஸ்டோடு அவை உள்ள அழகுசாதனப் பொருள்கள் அங்கே கடைகளிலிருந்தும் நீங்க வேண்டியதாயிற்று.

● ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று அச்சிட்டிருந்தால் நம்பலாமா? அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறை கிடையாது. ஆதாரம் காட்டித்தான் அதைப் போட வேண்டும் என 1975இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் விதி கொண்டுவந்தது. இரண்டு அழகுசாதன நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது. வாங்குபவருக்கு அன்று ஏற்பட்ட நஷ்டம் இன்றுவரை ஈடாகவில்லை.

● ‘அன்சென்டட்’ என்றால் வாசனைப் பொருளே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மூலப்பொருளின் வாடையை மறைக்க வேறொரு மணப்பொருளைச் சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று இருப்பதைத் தேடுங்கள். அப்போதும் பொருள்களின் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

● துணி சோப்புத் தூளும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் தப்பவில்லை. ஐரோப்பாவின் 2004ஆம் ஆண்டுச் சலவைப்பொருள் சட்டம், 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதே ஒவ்வாமைப் பொருள்களின் பெயரைப் போடச் சொல்கிறது. கையுறை இல்லாமல் நாள் முழுக்கப் பாத்திரம் கழுவும் கைகளுக்கு இது எத்தனை முக்கியம்!

● புதிய கிரீமை நீங்களே சோதிக்கலாம். முழங்கையின் உட்பக்கம் ஒரே இடத்தில் தினம் இருமுறை, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை தடவுங்கள். அரித்தால், சிவந்தால் உடனே நிறுத்துங்கள். சோப்பு, சலவைத் திரவம் போன்றவற்றை இப்படிச் சோதிக்கக் கூடாது. அவை யார் தோலையும் எரிச்சலூட்டும். மருத்துவரிடம் போகும்போது, பயன்படுத்தும் எல்லாவற்றின் உறைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.