கால் நொடிப் பிளாஸ்மா

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில் காதங்கி டோல்கேட்டைக் கடப்பவர்களில் பலருக்கு, அந்த ஊரில் 1,024 ஆன்டெனாக்கள் வானம் பார்த்து நிற்பது தெரிந்திருக்காது. 32-க்கு 32 என்று வரிசையாக நட்ட யாகி ஆன்டெனாக்கள். ஒரு காலத்தில் தூர்தர்ஷனுக்காக மொட்டை மாடிகளில் நின்றவற்றின் உறவுக்காரர்கள். 1990-களின் தொடக்கத்தில் எம்.எஸ்.டி. ரேடார் நிலையமாக ஆரம்பித்தது, இன்று விண்வெளித் துறையின்கீழ் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்திருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, திரும்பிவரும் மெல்லிய எதிரொலியை அளப்பது அந்த ரேடாரின் வேலை. காற்றோட்டத்தை அளப்பதோடு அது நின்றுவிடுவதில்லை. சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே வாயுவில் ஒரு பகுதி மின்னேற்றம் பெற்றுப் பிளாஸ்மாவாக இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு சில இரவுகளில் அந்தப் பிளாஸ்மா நிலைகுலைந்து, அடர்த்தி குறைந்த குமிழிகள் அதற்குள் கிளம்பி மேலேறும். அவற்றோடு வரும் மூன்று மீட்டர் அளவிலான சுருக்கங்களைக் காதங்கி ரேடார் பிடித்துவிடும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளைக் குலைத்துப்போடும் அதே குமிழிகள்தான் இவை.

இந்தக் குமிழிகளுக்கு நெருங்கிய சொந்தம் குஜராத்தில், காந்திநகருக்குப் பக்கத்தில் பாட் என்ற கிராமத்தில் இருக்கிறது. அங்குள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989 முதல் ‘ஆதித்யா’ என்ற டோகமாக் ஓடியது. 2016-இல் அதை மாற்றியமைத்து ‘ஆதித்யா-யு’ ஆக்கினார்கள். காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை வளையமாகக் கட்டிவைக்கும் எந்திரம் டோகமாக். வானத்தில் ஈர்ப்புவிசை செய்யும் வேலையை இங்கே காந்தக்கோடுகளின் வளைவு செய்கிறது. பிளாஸ்மா திரள்திரளாகப் பிய்ந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது. இயற்பியல் ஏறக்குறைய ஒன்றுதான், வேலை செய்யும் விதம்தான் வேறு. காதங்கியில் வானம் எப்போது குமுறும் என்று காத்திருக்க வேண்டும். பாட் கிராமத்தில் ஒரே ஓர் அளவை மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, மறுபடியும் செய்து பார்க்கலாம். டோகமாக்கின் மதிப்பே இந்த ‘மறுபடியும்’தான் என்பது என் கட்சி. பிளாஸ்மா எத்தனை நொடி எரிந்தது என்ற கணக்கை வைத்து ஒரு நாட்டின் அணுக்கரு இணைவு ஆராய்ச்சியை எடைபோடுவது, முக்கியமான பாதியைக் கணக்கில் விடுவதாகும்.

ஒரு ஷாட், அதாவது எந்திரத்தின் ஒரு சோதனை ஓட்டம், எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். வளைய வடிவ வெற்றிட அறையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமும் ஆக்சிஜனும்தான் முதல் எதிரி. அறையை ஒருமுறை திறந்து மூடினால், சுவரைச் சூடேற்றியும் மென்மையான ஹைட்ரஜன் மின்னிறக்கத்தால் தேய்த்தும் நாள்கணக்கில் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு சுற்றியிருக்கும் சுருள்களில் மின்னோட்டம் ஏறுகிறது. வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஹைட்ரஜனை உள்ளே விடுகிறார்கள். நடுவிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் மின்னோட்டத்தைச் சட்டென்று மாற்றியதும், வளையத்தைச் சுற்றி 20 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. வாயு உடைந்து பிளாஸ்மாவாகி, அதுவே டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாவது சுற்றாக மின்னோட்டத்தைத் தாங்குகிறது. கன்ட்ரோல் ரூம் திரையில் ஹைட்ரஜன் ஒளியின் கோடு உயர்ந்து விழும். பிளாஸ்மா மின்னோட்டம் எண்பது, நூறு கிலோ ஆம்பியர் என்று மேடுகட்டும். வளையம் ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் சுவரில் உரசும். எக்ஸ்ரே அளவி திடீரென்று எகிறினால், கட்டுமீறி வேகமெடுத்த எலெக்ட்ரான்கள் எங்கோ மோதிவிட்டன என்று பொருள். பத்தில் ஒரு நொடி, போனால் கால் நொடி, எல்லாம் முடிந்துவிடும். அடுத்த ஷாட்டுக்குள் பதிவான அளவுகளைப் பார்த்து எதை மாற்றுவது என்று தீர்மானிக்க வேண்டும். அன்றைய நாளின் உண்மையான வேலை அதுதான்.

இந்தக் கால் நொடிகளிலிருந்து என்ன கிடைத்தது? 1992-இல் ஆதித்யா குழு ‘ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. பிளாஸ்மாவின் விளிம்பில் சின்ன மின்முனைகளை நுழைத்து அளந்ததில், அங்குள்ள கொந்தளிப்பு ஒரே சீராக இல்லை, விட்டுவிட்டுத் தெறிக்கிறது என்று தெரிந்தது. சீரான கசிவு என்றால் வெப்பம் சுவரெங்கும் பரவலாகப் போய்ச் சேரும். திரள்களாகத் தெறித்தால் சுவரின் எந்த இடம் எவ்வளவு அடிவாங்கும் என்ற கணக்கே மாறிவிடும். பிற்பாடு உலகின் பல டோகமாக்குகளிலும் இந்தத் திரள்களைப் பார்த்தார்கள். பிரதிமன் கிருஷ்ண கவ் தலைமையில் வளர்ந்த நிறுவனத்தின் சிறிய எந்திரம், வயது மூன்று ஆவதற்குள், பெரிய எந்திரங்களுக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்லியிருந்தது. அதே அளவை நூற்றுக்கணக்கான ஷாட்களில் எடுக்க முடியாமல் போயிருந்தால், ‘தெறிப்பு’ என்று புள்ளியியல்படி நிறுவியிருக்கவே முடியாது.

சரி, சீனாவின் ஈஸ்ட் டோகமாக் 2025 ஜனவரியில் 1,066 நொடியும் பிரான்சின் வெஸ்ட் அடுத்த மாதமே 1,337 நொடியும் பிளாஸ்மாவைத் தாங்கிய காலத்தில் கால் நொடியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். அந்தச் சாதனைகள் பெரியவை, ஐயமில்லை. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1983 முதல் 2023 வரை இங்கிலாந்தில் ஓடிய ஜெட் டோகமாக், தன் கடைசி மாதங்களில் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் ஆற்றலைத் தந்தது. அதற்கு முன் அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஷாட்களைப் பார்த்திருந்தது. நடுவே கார்பன் சுவர் டிரிட்டியத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கிறது என்று தெரிந்ததும், உட்சுவரையே பெரிலியம், டங்ஸ்டன் என்று மாற்றிப்போட்டுப் பாதிப் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். செய்தித்தாள் அந்தச் சாதனை ஷாட்டை எழுதியது. அதற்கு முந்தைய லட்சத்தில் பெரும்பாலானவை எவர் கண்ணிலும் படவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. பிரான்சில் எழும் பன்னாட்டு டோகமாக்கான ஐடரில் ஏழு பங்குதாரர்களில் இந்தியாவும் ஒன்று. பங்கு சுமார் 9 சதவீதம். அதன் வெளிக்கூடான 3,850 டன் கிரையோஸ்டாட்டை எல் அண்ட் டி நிறுவனம் ஹசிராவில் செய்து கொடுத்தது. எல்லா அறிவும் பங்காளிகளுக்குக் கிடைக்கும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. பிறகு சொந்தமாக ஒரு சின்ன எந்திரம் எதற்கு? வரைபடமும் அறிக்கையும் கிடைக்கும், சரிதான். கிரையோஸ்டாட் செய்தது உற்பத்தித் திறமைக்குச் சான்று, அதையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஐடரில் நினைத்தபடி ஷாட் போட்டுத் தவறிப் பார்க்க எவரையும் விடமாட்டார்கள். அங்கே 15 மெகா ஆம்பியர் மின்னோட்டம் ஓடும்போது பிளாஸ்மா திடீரென்று சரிந்தால், டிஸ்ரப்ஷன் என்று அவர்கள் சொல்வது நடந்தால், சுவர் உருகலாம். ஆதித்யாவில் வேண்டுமென்றே ஹைட்ரஜனை ஊதி டிஸ்ரப்ஷனை வரவழைத்தார்கள். விளிம்பில் ஒரு மின்முனையை நுழைத்து மின்னழுத்தம் கொடுத்ததும், சரிவுக்கு முன்னால் வளரும் காந்த அலைவுகள் அடங்கின, பிளாஸ்மா தப்பியது. அந்த மின்முனையை ஐடருக்குள் வைத்தால் உருகிப்போகும், உண்மை. அதனால் இதை ஐடருக்கான மருந்து என்று சொல்வது மிகை. விளிம்பில் பிளாஸ்மாவைச் சுழலவைத்தால் அலைவு அடங்கும் என்ற காரணத்தைக் காட்டியது வரைதான் அதன் பெருமை. அந்தப் பெருமை போதும். உடைந்தாலும் பாதகமில்லாத எந்திரத்தில்தான் இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்க முடியும்.

சூரிய மின்சாரம் இவ்வளவு மலிந்த பிறகு இணைவு எதற்கு என்பது மூன்றாவது கேள்வி. காதங்கி இருக்கும் அதே ஆந்திராவில், கர்னூலில் 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா நிற்கிறது. ஆதித்யாவோ ஒரு வாட் மின்சாரமும் தந்ததில்லை. இன்னும் சொன்னால், அதில் இணைவே நடக்காது. பெரும்பாலும் வெறும் ஹைட்ரஜன், நாற்பது லட்சம் டிகிரி அளவில். இணைவுக்குத் தேவைப்படுவது டியூட்டீரியமும் டிரிட்டியமும், பதினைந்து கோடி டிகிரியும். இந்த இடத்தில் பலர் துணைப் பயன்களை எடுத்து நீட்டுவார்கள்: பிளாஸ்மாவால் எஃகைக் கடினப்படுத்தலாம், மருத்துவக் கழிவை எரிக்கலாம் என்று. அவை உண்மை, ஆனாலும் அந்த வாதம் எனக்கு உவப்பில்லை. கழிவை எரிப்பதுதான் நோக்கமென்றால் டோகமாக் தேவையில்லை. இந்தப் பத்தாண்டின் மின்சாரத்துக்குச் சூரியனையும் காற்றையும்தான் நம்ப வேண்டும், இணைவை அல்ல. இணைவுக்குச் செலவிடுவது அதற்கடுத்த அரை நூற்றாண்டுக்கான கேள்விக்கு. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்களை வைத்திருக்கும் செலவு, ஒரு மின்நிலையத்தின் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

குறை சொல்லவும் இடமிருக்கிறது. அதே நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி.-1, மைனஸ் 269 டிகிரிக்கு அருகில் குளிர்வித்த மீகடத்திச் சுருள்களோடு 1,000 நொடி ஓட வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. முதல் கட்டுமானத்தில் கோளாறுகள் வந்து, பிரித்து, சரிசெய்து, 2013 ஜூனில்தான் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. அதன் பிறகும் அரை நொடி அளவிலேயே நின்றது. வடிவமைப்புக்கும் கைக்கும் இடையிலிருந்த தூரத்தை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் பணமும் ஆளும் குவிந்த ஐடருக்கும் 2022-இல் வெப்பக் கவசக் குழாய்களில் விரிசல் தெரிந்தது, வெற்றிட அறைத் துண்டுகளின் விளிம்புகள் பொருந்தவில்லை. பொருத்தியதைக் கழற்ற வேண்டியிருந்தது. 2025-இல் வரவேண்டிய முதல் பிளாஸ்மாத் திட்டத்தையே மாற்றி, ஆராய்ச்சி இயக்கம் 2034-இல், டியூட்டீரியம்-டிரிட்டியம் 2039-இல் என்று அறிவித்தார்கள். மீகடத்திச் சுருளைக் குளிர்வித்து, கசிவைத் தேடிப்பிடித்து, மறுபடி கட்டும் வேலையைக் கையால் செய்தவர்கள் எஸ்.எஸ்.டி.-1-இல் இருக்கிறார்கள். சித்தூரிலோ திருப்பதியிலோ இன்று இயற்பியல் பட்டப்படிப்பில் சேரும் ஒரு பெண், முனைவர் பட்டம் முடித்து வெளியே வரும்போது ஐடர் இயங்கத் தொடங்கியிருக்கும், அல்லது தொடங்கவிருக்கும். அங்கே போவதற்கு முன் சொந்த நாட்டில் ஷாட் போட்டுப் பழக அவளுக்கு ஆதித்யா-யுவும் எஸ்.எஸ்.டி.-1-ம் வேண்டும். அந்த இரண்டும் ஆண்டில் எத்தனை நாள் ஓடுகின்றன, எத்தனை நாள் பழுதுக்காக நிற்கின்றன என்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால், நொடிக்கணக்கைவிடப் பயனுள்ள பதில் கிடைக்கும்.